சாமி பேருக்கு ஓர் அர்ச்சனை

கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்றால் அவரிடம் போய் எதற்காக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று பேச்சிமுத்து நாற்பது வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளாங்கரையில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பக்கவாதம் வந்து அவருடைய பேச்சு போன பதினான்காவது மாதத்தில், அதே கேள்வியைச் சுற்றறிக்கையாக அச்சடித்துக் கோயில் மதிலில் ஒட்டினார்கள்.

ஒட்டியவர்கள் நாத்திகர்கள் இல்லை. ஆலய நவீனமயமாக்கல் வாரியத்தார்.

"எல்லாம் அறிந்த இறைவனிடம் பக்தர்கள் தங்கள் தேவைகளை வாய்மொழியாகத் தெரிவிப்பது இறைவனின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும், மேலும் வரிசை நகர்வதில் தாமதம் ஏற்படுகிறது" என்று சுற்றறிக்கை தொடங்கியது. முதல் காரணம் தத்துவம். இரண்டாவது காரணம் உண்மை. ஆகவே, வருகிற ஆடி முதல் வெள்ளியிலிருந்து செவிசாய்த்தநாதர் சன்னிதியில் எவரும் வாய் திறந்து வேண்டக் கூடாது. எல்லோருக்குமாகச் சேர்த்து 'முற்றறிவு' வேண்டிக்கொள்ளும். இரண்டு மாதமாக நடந்துவரும் அதன் சோதனை ஓட்டத்திலும் இதே விதிதான்.

முற்றறிவு என்பது தெய்வீக நிலை ஒன்றுமில்லை. மகாமண்டபத்துத் தூணில் மாட்டிய, தேங்காய் மூடி அளவுள்ள ஒரு கருவி. தரையில் ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோட்டில் நீங்கள் வந்து நின்றால், பிறந்ததிலிருந்து உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் ஒருமை எண்ணை அது படித்துவிடும். அந்த எண்ணுக்குள் எல்லாம் இருக்கிறது: ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, மகன் கடைசியாக எப்போது போன் செய்தான், பக்கத்து மனைக்காரரோடு வழக்கு எந்த வாய்தாவில் நிற்கிறது, ராத்திரி எத்தனை முறை புரண்டு படுத்தீர்கள். அதிலிருந்து உங்கள் தேவை இன்னதென்று தானே கண்டுபிடித்து, தானே சமர்ப்பித்து, ஒரு மணியும் அடித்துவிடும். நான்கே வினாடி. சீட்டு வேண்டாம் என்றுதான் வாரியம் முதலில் முடிவு செய்திருந்தது. சீட்டு இல்லாமல் சாமிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும் என்று ஊரே கேட்டதால் சீட்டும் வந்தது.

'முற்றறிவு' என்ற சொல் வெள்ளாங்கரை வாயில் முதல் வாரமே 'முத்தறிவு' ஆகி, இரண்டாவது வாரம் 'முத்து அண்ணாச்சி' ஆகிவிட்டது. "அண்ணாச்சி, எம் மவளுக்குப் பிரசவம் நல்லபடியா ஆவணும், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று பூக்கட்டும் மாரியம்மா தூணைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். வேண்டுதலை ஒழிக்க வந்த கருவியிடமே வேண்டத் தொடங்கியது இந்த ஊர். இப்படிப்பட்ட ஊரை நவீனமயமாக்குவது எளிதில்லை என்பதை வாரியம் அப்போதே புரிந்துகொண்டிருக்கலாம்.

சோதனை ஓட்டம் தொடங்கிய எட்டாவது வெள்ளிக்கிழமை, பேச்சிமுத்துவின் மனைவி ஆவுடைத்தாய் தன் சீட்டை முதன்முறையாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். ஐம்பத்தெட்டு வயது. பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருடம் மைக்கில் ஊர்ப்பெயர் சொன்னவள். மெதுவாகப் பேசுகிறோம் என்று அவள் நினைக்கும்போதே பிரகாரம் முழுக்கக் கேட்கும்.

"பட்டரே, இதுல என்னமோ போட்டிருக்கே."

ராஜப்பா பட்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "மாற்று வேண்டுதல், மன அமைதின்னு போட்டிருக்கு."

"யாருக்கு மன அமைதி?"

"உங்களுக்குத்தான்."

"நான் கேட்டனா?"

"நீங்கோ கேக்கறதுக்குள்ள அதுவே கேட்டுடறதே."

"நான் கேக்க வந்தது எங்க வீட்டுக்காரவுக வாயத் தொறந்து பேசணும்னு. எட்டு வாரமா எனக்கு மன அமைதியா கேட்டுக்கிட்டுக் கெடக்கு? அதான் ரெண்டு மாசமா கிறுக்குப் புடிச்ச மாரி வருது."

பட்டர் தூணைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "மெதுவா பேசுங்கோ. இப்பல்லாம் பேரு, நட்சத்திரம் கேக்கக்கூட எனக்கு அனுமதி இல்லே. கற்பூரம் காட்டறதோட சரி. வாயப் பொத்திண்டு அர்ச்சனை பண்ற ஒரே பட்டர் லோகத்துலயே நான்தான்."

"யாரப் பாக்கணும் இதுக்கு?"

"ஆபீசரைத்தான். முனைவர்னு சொல்லிக் கூப்பிடுங்கோ. சார்னா மூஞ்சி தூக்கிப்பார்."

---

செயல் அலுவலர் முனைவர் செழியரசன் பக்தி மேலாண்மையில் பட்டம் பெற்றவர். பெயர்ப்பலகையில் மட்டுமல்ல, மதியச் சாப்பாட்டு டப்பாவிலும் 'முனைவர்' என்று எழுதியிருக்கும். மேடை போட்டாலும் போடாவிட்டாலும் மேடைத் தமிழ்தான் பேசுவார். ஆவுடைத்தாயை உட்காரச் சொல்லிவிட்டுத் திரையில் அவள் எண்ணைத் தட்டினார்.

"உங்கள் முதன்மை வேண்டுதல், கணவருக்குப் பேச்சு திரும்ப வேண்டும் என்பது. அது நிறைவேறும் வாய்ப்பு நூற்றுக்குப் பூச்சியம் புள்ளி பூச்சியம் நான்கு. ஆகவே அமைப்பு உங்களுக்கு அடுத்த நிலை வேண்டுதலைத் தேர்ந்தெடுத்திருக்கிறது."

"நான் கேட்டத அங்க சொல்லவே இல்லியா?"

"அம்மா, தத்துவார்த்தமாகப் பாருங்கள். வேண்டுதல்கள் இரண்டே வகை. நடக்கப்போவதைக் கேட்க வேண்டியதில்லை. நடக்காததைக் கேட்டுப் பயனில்லை."

"அப்போ மிச்சம் என்ன இருக்கு?"

"அதுதான் மன அமைதி."

ஆவுடைத்தாய் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஒன்று கேட்கிறேன்" என்றார் முனைவர். "இறைவன் எல்லாம் அறிந்தவரா, இல்லையா?"

"அறிஞ்சவருதான்."

"உங்கள் கணவருக்குப் பேச்சு வரவில்லை என்பது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பிறகு நீங்கள் போய்ச் சொல்வதில் என்ன பொருள்?"

"இதத்தான் எங்க வீட்டுக்காரவுக நாப்பது வருசமா கேட்டாவ. இதக் கேட்டதுக்காவ அவுகளத் தெருவுல ஒரு கல்யாணத்துக்குக்கூட யாரும் முன்வரிசைல உக்கார வச்சதில்ல. ஒங்களுக்குப் பட்டம் குடுத்துருக்காவ."

முனைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதிப் படிக்காத பதில் தேவைப்படும்போதெல்லாம் அவர் கண்ணாடி துடைப்பது வழக்கம். அவள் விடவில்லை.

"நான் பஸ் ஸ்டாண்டுல மைக்குல சொன்னவ, முனைவர். பஸ்ஸு நெத்தில தென்காசின்னு ஒரு முழத்துக்கு எழுத்து எரியும். நானும் தென்காசி தென்காசின்னு கத்துவேன். ரெண்டையும் பாத்துட்டு, கேட்டுட்டு, படில கால வச்சிக்கிட்டுக் கண்டக்டர்கிட்டக் கேப்பான், அண்ணாச்சி தென்காசி போவுமான்னு. ஏன் கேக்கான்? தெரியாமலா?"

"பதற்றம்."

"பதற்றந்தான். கண்டக்டரு, 'போவும், ஏறும்வே'ம்பாரு. அந்த ஏறும்வேக்குத்தான் கேக்கான்."

"அது தகவல் விரயம், அம்மா."

"தெரியாதவங்கிட்டப் போயி என்னத்தச் சொல்ல? எங்க பொறந்தேன், எங்க வாக்கப்பட்டேன்னு மொதல்லருந்து வெளக்கணும். தெரிஞ்சவங்கிட்டத்தான் மனசுவிட்டுச் சொல்ல முடியும். எல்லாம் தெரிஞ்சவருன்னா எல்லாத்தையும் சொல்லலாம். எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்."

பக்தி மேலாண்மைப் பாடத்திட்டத்தில் இந்த அத்தியாயம் இல்லை. முனைவர் சுற்றறிக்கையின் பிரதி ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "வெள்ளிக்கிழமை வாரியத் தலைவர் வருகிறார். இந்தக் கோயிலில் வெற்றி பெற்றால் மாநிலம் முழுதும் நானூறு கோயில்களில் நடைமுறைக்கு வரும். அன்று சன்னிதியில் யாராவது வாய்மொழியாக வேண்டினால் ஆறு மாதம் நுழைவுத் தடை. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்."

"ஒரு வார்த்தகூடப் பேசக்கூடாதா?"

"யார் பெயருக்கு அர்ச்சனை என்று கருவி கேட்கும். பேரன் பேத்தி பெயருக்குச் செய்பவர்கள் இருப்பதால் அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்திருக்கிறோம். அதற்குப் பதில் சொல்லலாம்."

"பேரு மட்டும்."

"பெயர் மட்டும்."

ஆவுடைத்தாய் சுற்றறிக்கையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வருவாள் என்பது முற்றறிவுக்குத் தெரிந்திருக்கும்.

---

பேச்சிமுத்து மேலரத வீதியில் மின்வண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கடைக்கு நேர் எதிரே கோயில் வாசல். நாற்பது வருடத்தில் ஒரு நாளும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. தேருக்குப் புது மோட்டார் பூட்டியபோதுகூட, வெளியே நின்றபடி உள்ளே இருந்தவர்களைத் திட்டித் திட்டியே பூட்டி முடித்தார். பக்கத்து ஊர்க்காரர்களிடம் வெள்ளாங்கரைக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். கோயில் எல்லா ஊரிலும் இருக்கிறது. கோயிலுக்கு எதிரேயே கடை போட்டுக்கொண்டு சாமி இல்லை என்று தினமும் சொல்லும் ஆள் எத்தனை ஊரில் இருக்கிறார்?

வெள்ளிக்கிழமைதோறும் ஆவுடைத்தாய் தேங்காய்ப் பையோடு கடையைக் கடக்கும்போது, ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்பார்.

"ஏட்டி, அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே. என்னத்தச் சொல்லப் போற?"

"தெரியும்லா. தெரியும்னுதான் போறேன்."

"இல்லாதவங்கிட்ட இருக்கிறதச் சொல்லி என்ன ஆவப்போவுது?"

"கடையப் பாருங்க."

இந்த உரையாடல் ஏறக்குறைய இரண்டாயிரம் வெள்ளிக்கிழமை நடந்தது. ஒரு வார்த்தை மாறியதில்லை. பதினான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்கு வலது பக்கம் விழுந்தது. கூடவே பேச்சும் போயிற்று. மற்றவர்கள் பேசுவது புரிகிறது. படிக்கிறார். நினைப்பதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தேங்காய்ப் பையோடு கடை வாசலில் நின்றாள். கேள்வி வரவில்லை. அன்றைக்குக் கோயில் வரைக்குமான அறுபது அடி அவளுக்கு ஆறு மைலாக இருந்தது.

சாயந்திரம் சக்கர நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து சுற்றறிக்கையை அவள் மைக்குக் குரலில் வாசித்துக் காட்டினாள். பேச்சிமுத்துவின் முகத்தில் வேலை செய்த பாதி சிரித்தது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தன் வாழ்நாள் வாதம் அரசு முத்திரையோடு கோயில் மதிலிலேயே ஏறிவிட்டது. அதைச் சொல்லிக் காட்டத்தான் வாய் இல்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே இடது கண்ணில் தண்ணீர் வந்தது. அது எந்தக் கண்ணீர் என்று ஆவுடைத்தாய் விசாரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழம நீங்களும் வரணும்" என்றாள்.

இடது கை வேகமாக வேண்டாம் என்றது.

"சாமி கும்பிட ஒண்ணும் கூப்பிடல. அந்த மெசின எதுத்து நிக்கக் கூப்பிடுதேன். நாப்பது வருசமா வெளிய நின்னுக்கிட்டே எதுத்தாச்சி. ஒரு நாளு உள்ள வந்து எதுத்தா என்ன கொறஞ்சி போவும்?"

வேண்டாம் என்ற கை பாதியில் நின்றது. பிறகு இடது கையால் அலமாரியைக் காட்டினார். கறுப்புச் சட்டை அங்கே மடித்து வைத்திருந்தது.

---

ஆடி வெள்ளியன்று கோயிலுக்குள் பன்னீர் வாசனையும் வாரியத்தாரின் சென்ட் வாசனையும் போட்டி போட்டன. வாரியத் தலைவர் பட்டு அங்கவஸ்திரத்தோடு முன்வரிசையில் நின்றார். முனைவர் செழியரசன் ஒலிபெருக்கியில், வேண்டுதல் வரலாற்றில் இன்று ஒரு பொன்னாள் என்றார். வேண்டுதலே இல்லாமல் போகும் நாளை வேண்டுதல் வரலாற்றில் எப்படிச் சேர்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் சக்கர நாற்காலியில் இருந்தார்.

கறுப்புச் சட்டையோடு பேச்சிமுத்து உள்ளே வருவதைப் பார்த்ததும் வரிசை தானாக விலகி வழிவிட்டது. "அண்ணாச்சி உள்ள வந்துட்டாவளே" என்றாள் மாரியம்மா, ஏதோ கோட்டை விழுந்துவிட்டது போல. பேச்சிமுத்து தலையை நிமிர்த்தி, சாமி இருக்கும் திசையைத் தவிர மற்ற எல்லாத் திசையையும் பார்த்தபடி வந்தார்.

நாற்காலியின் முன்சக்கரம் மஞ்சள் கோட்டில் ஏறியது. யார் பெயருக்கு என்று கருவி கேட்டது; பதில் வராததால் அவர் பெயருக்கே என்று எடுத்துக்கொண்டு மணி அடித்தது. தூணிலிருந்து ஒரு சீட்டு வந்து தட்டில் விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. அவருக்குப் பின்னாலேயே ஆவுடைத்தாய் கோட்டில் வந்து நின்றாள்.

"அன்பார்ந்த பக்தரே" என்றது முற்றறிவு, தேன் தடவிய குரலில். "அர்ச்சனை யார் பெயருக்கு?"

"சாமி பேருக்கு" என்றாள் ஆவுடைத்தாய்.

ராஜப்பா பட்டர் கற்பூரத் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். தனக்கென்று கேட்க மனசில்லாதவர்களும், கேட்டுக் கேட்டு அலுத்தவர்களும், சாமியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்களும் காலங்காலமாகச் சொல்வது அது. சாமி பேருக்கே பண்ணிடுங்க என்றால் பட்டர் மேற்கொண்டு ஒன்றும் கேட்க மாட்டார். கருவியைத் தயாரித்த பொறியாளர்கள் லட்சம் பேருடைய தேவைகளைப் படித்தவர்கள். ஆனால் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

"சாமி என்ற பெயரில் இந்த மாவட்டத்தில் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது பேர் உள்ளனர். முழுப் பெயர் சொல்லவும்."

"செவிசாய்த்தநாதர். திருவாதிரை நட்சத்திரம். இதே ஊருதான்."

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. முனைவர் கையமர்த்தினார். கருவி தேடியது. நான்கு வினாடி கடந்தது, நாற்பதும் கடந்தது. வாரியத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதிவு கிடைத்தது" என்றது முற்றறிவு. "செவிசாய்த்தநாதர். கீழப்பத்து நன்செய் நிலங்களின் பட்டாதாரர். நோய்ப் பதிவு இல்லை. உறக்கப் பதிவு இல்லை. உறவினர் அழைப்பு இல்லை. இவருடைய தேவையைக் கணிக்க இயலவில்லை. விண்ணப்பதாரரே நேரில் தெரிவிக்கவும்."

எல்லோரும் கருவறையைப் பார்த்தார்கள். விண்ணப்பதாரர் ஒன்றும் தெரிவிக்கவில்லை.

"செவிசாய்த்தநாதர் அவர்களே, தங்களுக்கு என்ன வேண்டும்?"

தூணில் மாட்டிய முற்றறிவு கருவறையைப் பார்த்து இதைக் கேட்டது. எட்டு வாரத்தில் அது ஒருவரிடமும் கேட்காத கேள்வி. பதில் வரவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டது, அதே மரியாதையோடு.

"பாருங்க, முத்து அண்ணாச்சியே வேண்டிக்கிடுதாவ" என்றாள் மாரியம்மா.

முனைவர் போனில் பொறியாளரைப் பிடித்தார். போன் மைக்குக்குப் பக்கத்தில் இருந்ததால் பொறியாளரின் குரலும் மண்டபம் முழுக்கக் கேட்டது. "நடுவுல நிறுத்த முடியாது சார். ஒரு வேண்டுதல்கூட விட்டுப்போகக் கூடாதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க. இது முடிஞ்சாத்தான் அடுத்தது."

மூன்றாவது முறையும் பதில் வராததால் கருவி வேறு வழி தேடியது. "விண்ணப்பதாரர் சட்டப்படி மைனர் என்று தெரிய வருகிறது. மைனரின் பாதுகாவலர், செயல் அலுவலர் முனைவர் செழியரசன். பாதுகாவலர் கோட்டில் வந்து நிற்கவும்."

சட்டத்தின் கண்ணில் கோயில் சாமி எந்நாளும் வயதுக்கு வராத பிள்ளை. சொத்தைப் பார்த்துக்கொள்ளப் பாதுகாவலர் வேண்டும். நிலக் குத்தகைக் காகிதங்களில் ஆயிரம் முறை கையெழுத்துப் போட்டபோது முனைவருக்கு இது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது கோட்டில் போய் நின்றார். வாரியத் தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதுகாவலரே, இறைவனுக்கு என்ன தேவை?"

"இறைவனுக்குத் தேவை எதுவும் கிடையாது" என்றார் முனைவர், மேடைக் குரலில்.

"இதை எப்படி அறிந்தீர்கள்? அவரிடம் கேட்டீர்களா?"

முனைவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துண்டு கிடைக்கவில்லை.

"கேட்டீர்களா?" என்றது முற்றறிவு மறுபடியும். அதட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புவது போலிருந்தது.

வரிசை கொடிமரம் வரைக்கும் நின்றது. வாரியத் தலைவர் தொண்டையைக் கனைத்தார். முனைவர் செழியரசன் கருவறைப் பக்கம் திரும்பினார். அவரை அறியாமல் இரண்டு கையும் சேர்ந்தன. பக்தி மேலாண்மை படிக்கப் போகுமுன் சிவகிரிப் பக்கம் ஒரு வீட்டில் பிறந்த பிள்ளை அவர் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

"யப்பா, சாமி, என்னமாவது சொல்லிருப்பா. மானம் போவுது."

"சார்" என்றாள் ஆவுடைத்தாய். "வாய்மொழி."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. வாரியத் தலைவரும் சிரித்துவிட்டு, சிரிக்காத மாதிரி அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டார். முனைவர் கூப்பிய கையைப் பிரிக்க மறந்து நின்றார். தடை விதிக்கவேண்டியவரே தடைக்கு உள்ளாகிவிட்டதால், அதற்குமேல் யாருக்கும் யாரும் தடை விதிப்பதாக இல்லை.

அந்த நேரத்தில் ராஜப்பா பட்டர் ஒரு காரியம் செய்தார். கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எட்டு வாரமாகப் பூட்டிக் கிடந்த குரலைத் திறந்தார்.

"அடுத்தது யாரு? பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு பொன்னாள் சந்தையாகிவிட்டது. மாரியம்மா மகளின் பெயரைச் சொன்னாள். ஒருவர் தம்பிமேல் போட்ட வழக்கு ஜெயிக்க வேண்டும் என்றார். பின்னால் நின்ற தம்பி, அண்ணன் தோற்க வேண்டும் என்றார். எல்லாம் தெரிந்த ஒருவரிடம் எல்லோரும் ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் சொன்னார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே முற்றறிவும் தன் பங்குக்கு, "செவிசாய்த்தநாதர் அவர்களே, தங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. கூட்டத்தில் அது ஒன்றுதான் தனக்கென்று எதையும் கேட்கவில்லை.

ஆவுடைத்தாய் நாற்காலியைக் கருவறை வாசற்படி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். கை கூப்பவில்லை. இரண்டு கையும் நாற்காலியின் பிடியில் இருந்தன. முப்பத்தோரு வருடம் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் பேருந்து ஏற்றிவிட்ட குரலில் சொன்னாள்:

"இந்தா பாரு சாமி. இவுக பேரு பேச்சிமுத்து. கேட்டை நட்சத்திரம். ஒனக்குத் தெரியும். நீ இல்லன்னு நாப்பது வருசமா ஒன் வாசல்லயே ஒக்காந்து சொன்னவுக. ஒன்னக் கும்பிட்டவன்லாம் கேட்டதோட போயிட்டான். எந்நேரமும் ஒன் நெனப்பாவே கெடந்தது இவுக ஒருத்தருதான். அந்த வாய நீ இப்படிப் பூட்டலாமா? எனக்கு மன அமைதி வேண்டாம். மெசினு சொன்னத அடிச்சிரு. இவுக வாயத் தொறந்து, நீ இல்லன்னு, முன்ன மாரி ஒரு தரம் சொல்லணும். அத நான் கேக்கணும். அம்புட்டுதான்."

இரைச்சல் எப்போது அடங்கியதென்று தெரியவில்லை. பட்டர் அர்ச்சனையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒரு வேண்டுதலுக்கு அவரிடம் மந்திரம் இல்லை. பேச்சிமுத்து மனைவியைத் திரும்பிப் பார்க்க முயன்றார். கழுத்து பாதிதான் திரும்பியது. அந்தப் பாதி முகத்தில், ஊர் அதுவரை அவரிடம் பார்க்காத ஒரு கம்பீரம் இருந்தது. தன்னைப் பற்றி இத்தனை பெருமையாகப் பேசப்பட்ட இடம் கோயில் என்பதுதான் ஒரே சங்கடம்.

கருவறையில் விளக்கு எரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. ஆவுடைத்தாய் கொஞ்சம் நின்றாள். பிறகு, சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்பது போல நாற்காலியைத் திருப்பினாள்.

தூணைத் தாண்டும்போது மாரியம்மா தட்டில் கிடந்த சீட்டை எடுத்து நீட்டினாள். "அண்ணாச்சி, ஒங்க சீட்டு. மறந்துட்டுப் போறீயளே."

பேச்சிமுத்து இடது கையால் வாங்கிப் படித்தார்.

'பக்தர் திரு. பேச்சிமுத்து அவர்களின் வேண்டுதல் இறைவனின் திருவடியில் சமர்ப்பிக்கப்பட்டது. தங்கள் நம்பிக்கைக்கு நன்றி.'

இரண்டாவது முறை படித்தார். பக்தர் என்ற இடத்தில் பெருவிரல் நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று ஏறிவந்து, பதினான்கு மாதமாக இறுகிக் கிடந்த தாடையில் முட்டியது.

"ஏங்க, என்ன செய்யுது?" என்று ஆவுடைத்தாய் முன்னால் வந்து குனிந்தாள்.

"ல்" என்றார் பேச்சிமுத்து. மூச்சு வாங்கினார். சீட்டைத் தூணைப் பார்த்து ஆட்டினார். "இ… ல்ல."



"இல்ல" என்றார் மறுபடியும். இந்த முறை பிரகாரத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

நெடுங்காலம் பழகிய சொல் ஒன்றிரண்டு, கடுங்கோபத்தில் சிலருக்குத் தானே வந்து விழும் என்று பின்னால் டாக்டர் விளக்கினார். விளக்கத்தில் குறை ஒன்றுமில்லை. கேட்கத்தான் ஊரில் ஆள் இல்லை. ஏனென்றால் அன்றைக்கு மண்டபத்திலேயே வழக்கு தொடங்கிவிட்டது. ராஜப்பா பட்டர் விரல்விட்டு எண்ணியபடி, "இல்லன்னு சொல்ல வைன்னு கேட்டா. இல்லன்னுட்டார். அப்போ இருக்கார்னுதானே ஆறது?" என்றார். அப்படியானால் அவர் சொன்னது பொய்யாகிறதே என்றார் ஒருவர். பொய்யானாலும் சொன்னாரே என்றாள் மாரியம்மா. போனில் இன்னும் இருந்த பொறியாளர், பூச்சியம் புள்ளி பூச்சியம் நான்கு என்றால் நடக்கவே நடக்காது என்று அர்த்தமில்லை என்று யாரும் கேட்காமலே சொன்னார். முனைவர் செழியரசன் எந்தப் பக்கமும் சேரவில்லை. வாரியத் தலைவர், நானூறு கோயில் விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் காதில் சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

ஆவுடைத்தாய் இந்த வழக்கில் கலந்துகொள்ளவில்லை. முந்தானையால் புருஷனின் வாயோரத்தைத் துடைத்தாள். சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வரிசையின் நடுவிலேயே, தேர் வருகிற மாதிரி நிமிர்ந்து நடந்தாள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

வாசலைத் தாண்டும்போது பேச்சிமுத்து வாயைத் திறந்து, மறுபடியும் எதையோ எட்டிப் பிடிக்கப் பார்த்தார். வரவில்லை. எரிச்சலோடு இடது கையால் கைப்பிடியைத் தட்டினார்.

"அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள் அவள். "மிச்சத்த வீட்ல வந்து சொல்லுங்க. என்ன சொல்லப் போறியன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் நீங்க சொல்லுங்க."